எந்த வால்வை மூடுவது? ஒரு வலை வரைபடச் செயலியும் மூன்று வடிவமைப்பு முறைகளும்

பின்னணி

குடிநீர்க் குழாய்களைப் பராமரிக்கும் ஒரு நிறுவனம், காகித வரைபடங்களை விட்டுவிட்டு வலை வரைபடச் செயலிக்கு மாற முடிவு செய்தது. குழாய் உடைந்தால் எந்தெந்த வால்வுகளை மூட வேண்டும் என்பதைக் களப்பணியாளர் கைபேசியிலேயே பார்க்க வேண்டும். அதே நேரத்தில் எந்தத் தெருக்களில் தண்ணீர் நிற்கும் என்பது கட்டுப்பாட்டு அறையின் பெரிய திரையில் தெரிய வேண்டும். தேவை இவ்வளவுதான். ஆனால் செயலி உருப்படியாகப் பயன்பாட்டுக்கு வருவதற்குள் அந்தக் குழு மூன்று வடிவமைப்பு முறைகளைக் கடந்து வந்தது. தரவும் பயனர்களும் மாறவில்லை, நிரல் எழுதியவர்களும் பெரும்பாலும் அதே ஆட்கள். மாறியது முறை மட்டும்தான். முறைகளை அருகருகே வைத்துப் பார்க்க இப்படி ஒரு வாய்ப்பு அரிது என்பதால் இதை முழுமையாகப் பதிவு செய்கிறேன்.

இரண்டாம் கட்டத்தின் நடுவில் நான் வடிவமைப்பு ஆலோசகராகச் சேர்ந்தேன். முதல் கட்டத்தைப் பற்றி இங்கே சொல்வதெல்லாம் ஆவணங்களைப் படித்தும் அப்போது பணியில் இருந்தவர்களிடம் கேட்டும் அறிந்தவை. நிறுவனத்தையோ ஆட்களையோ அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

முதல் கட்டம்: எல்லாவற்றையும் எழுதிவிட்டுத் தொடங்குவது

குழு முதலில் எடுத்துக்கொண்டது அருவி முறை. தேவைகளைத் தொகுப்பது, ஆவணமாக்குவது, ஒப்புதல் வாங்குவது, பிறகு வடிவமைப்பு, நிரல், கடைசியில் சோதனை. இந்த முறைக்கு மூலமாக எல்லோரும் காட்டுவது 1970-இல் வின்ஸ்டன் ராய்ஸ் எழுதிய கட்டுரையை. ஆனால் சோதனையைக் கடைசிக்குத் தள்ளி ஒரே திசையில் போவது ஆபத்தானது என்று அதே கட்டுரையில் அவரே எச்சரித்திருக்கிறார். அந்த எச்சரிக்கை நடைமுறைக்கு வருவதில்லை, இங்கேயும் வரவில்லை.

இந்தக் கட்டத்தை வெறும் தோல்வி என்று தள்ளிவிட மாட்டேன். அந்தத் தடிமனான ஆவணத்தில் தரவைப் பற்றிய பகுதி மிக நன்றாக எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு வால்வுக்கும் மாறாத அடையாள எண் தரப்பட்டது. ஒரு பதிவைத் திருத்தினால் பழையது அழியாமல் வரலாறாகச் சேமிக்கப்பட வேண்டும் என்றும் இருந்தது. பழைய அளவை வரைபடங்களின் ஆயங்கள் (இடத்தைக் குறிக்கும் எண்கள்) வேறொரு தளத்தகவலில், அதாவது புவியின் வடிவத்தைப் பற்றிய வேறொரு அடிப்படையில், இருந்தன. அவற்றை மாற்றாமல் அப்படியே ஏற்றினால் புள்ளிகள் நூறு மீட்டருக்கு மேல்கூடத் தள்ளி விழலாம். அதை முன்பே கண்டு, எந்த ஆய முறையில் சேமிப்பது, எங்கே மாற்றுவது என்று வரையறுத்திருந்தார்கள். இடத் தரவைப் பரிமாறும் ஜியோஜேசான் வடிவம், அதன் தரநிலையான ஆர்எஃப்சி 7946-இன்படி நெட்டாங்கை முதலில் எழுதும்; லீஃப்லெட் போன்ற வலை வரைபட நிரல் நூலகங்கள் அகலாங்கை முதலில் கேட்கும். இந்தக் குழப்பத்துக்குக்கூட ஒரு பத்தி ஒதுக்கியிருந்தார்கள்.

இடைமுகத்தைப் பற்றிய பகுதி இதற்கு நேரெதிர். வால்வுகள் அவற்றின் சரியான இடத்தில் காட்டப்பட வேண்டும், தொட்டால் விவரம் திறக்க வேண்டும், அடுக்குகளை மறைக்கவும் காட்டவும் வசதி வேண்டும் என்பதுபோல் வாக்கியங்கள் போயின. எல்லாம் சரியான வாக்கியங்கள்தான். அவற்றை நிறைவேற்றி ஒரு செயலியும் வந்தது. ஏற்புச் சோதனையில் எல்லா இனங்களிலும் தேறியது.

களத்தில் கண்டது

சோதனை ஓட்டமாக ஒரு பணிக்குழுவிடம் செயலியைக் கொடுத்தார்கள். அவர்கள் சில நாளிலேயே காகிதத்துக்குத் திரும்பிவிட்டார்கள். இணைப்பு மெதுவாக இருக்கிறது என்று முதலில் சொல்லப்பட்டது. அது உண்மைதான், ஆனால் அது மட்டும் காரணமில்லை. ஒரு மூத்த பணியாளர் செயலியைத் திறந்து ஒரு சந்திப்பைக் காட்டி, இதில் நான் எதைத் திருக வேண்டும் என்று கேட்டார். திரையில் ஒரே ஒரு வட்டம் இருந்தது. தரையில் நான்கு மூடிகள் இருந்தன.

இதன் கணக்கைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வரைபடச் செயலிகளின் தனிச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. வலை வரைபடங்களில் வழக்கமான வெப் மெர்கேட்டர் வீழ்படத்தில் (உருண்டைப் புவியைத் தட்டையாக வரையும் ஒரு முறை), 256 பிக்சல் டைல் (வரைபடத்தை வெட்டி அனுப்பும் சதுரத் துண்டு) கணக்கில், 18-ஆம் ஜூம் நிலையில் நிலநடுக்கோட்டில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். விரலால் தொடத்தக்க குறி என்றால் 24 பிக்சலாவது வேண்டும். 2023-இல் வந்த வலை அணுகல்தன்மை வழிகாட்டுதல் 2.2-உம் குறைந்தபட்சமாக அதைத்தான் கேட்கிறது. அப்படியானால் ஒரு குறி தரையில் சுமார் 14 மீட்டரை மூடிவிடும். குழாய்ச் சந்திப்பில் வால்வுகள் ஒரு மீட்டர் இடைவெளியில் இருக்கும். அந்த ஒரு மீட்டர், திரையில் இரண்டு பிக்சலுக்கும் குறைவு.

இன்னும் ஜூம் செய்யலாமே என்று தோன்றும். ஒவ்வொரு நிலைக்கும் அளவு இரட்டிப்பாவதால், 22-ஆம் நிலையில் ஒரு பிக்சல் நான்கு சென்டிமீட்டருக்குள் வந்துவிடும், குறிகளும் பிரிந்துவிடும். ஆனால் அப்போது 360 பிக்சல் அகலக் கைபேசித் திரையில் தெரிவது பதின்மூன்று மீட்டர் அகலத் தரை மட்டும். தெருமுனையோ கட்டடமோ கண்ணில் படாது. அதோடு, திறந்த வானத்தின் கீழேயே கைபேசி ஜிபிஎஸ் சுமார் ஐந்து மீட்டர் வரை பிழை காட்டும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே இன்னும் மோசம். தன் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளியே ஐந்து மீட்டர் தள்ளி நிற்கும்போது, ஒரு மீட்டர் இடைவெளியில் உள்ள நான்கு வால்வுகளில் எது எது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

ஆக, "சரியான இடத்தில் காட்டு" என்ற தேவையைச் செயலி அப்பழுக்கில்லாமல் நிறைவேற்றியது, வேலைக்கு ஆகவில்லை. இது நிரல் பிழையும் இல்லை, ஆவணத்தில் எழுத்துப் பிழையும் இல்லை. வடிவமைப்பின்போது வரைந்து காட்டிய மாதிரித் திரைகளில் அழகாக இடைவெளி விட்ட சில புள்ளிகள்தான் இருந்தன. ஒரு படிவத்தை மாதிரித் தரவில் வடிவமைத்துவிடலாம், உண்மைத் தரவு வந்தாலும் படிவம் பெரும்பாலும் தாங்கும். வரைபடத்தில் தரவுதான் இடைமுகம். மாதிரிப் புள்ளிகளைப் போட்டு வாங்கிய ஒப்புதல், வேறு ஒரு செயலிக்கு வாங்கிய ஒப்புதல்.

இரண்டாம் கட்டம்: இரண்டு வார ஸ்பிரிண்ட்கள்

நிர்வாகம் அஜைல் முறைக்கு மாறச் சொன்னது: வேலையை ஸ்பிரிண்ட் எனப்படும் இரண்டு வாரத் தவணைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் முடிவிலும் செய்ததைக் காட்டுவது. 2001-இல் பதினேழு மென்பொருளாளர்கள் கூடி வெளியிட்ட அஜைல் அறிக்கை, விரிவான ஆவணத்தைவிட இயங்கும் மென்பொருளுக்கும், ஒப்பந்தப் பேரத்தைவிட வாடிக்கையாளரோடு சேர்ந்து உழைப்பதற்கும் முதலிடம் தருகிறது. முதல் கட்டத்தின் அனுபவத்துக்கு இது சரியான மருந்தாகத் தெரிந்தது.

பல விதங்களில் மருந்தாகவும் இருந்தது. நீள அளவைக் கருவி ஒரு உதாரணம். குழாயின் நீளத்தை வெப் மெர்கேட்டர் தளத்திலேயே கணக்கிட்டிருந்தார்கள். அந்த வீழ்படம் நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக நீளங்களை நீட்டிக் காட்டும்: 30 பாகையில் ஏறத்தாழ 15 சதவீதம் கூடுதலாகவும், 60 பாகையில் இரண்டு மடங்காகவும். தங்கள் குழாய்களின் நீளத்தை மனப்பாடமாக அறிந்த கட்டுப்பாட்டு அறையினர் ஸ்பிரிண்ட் முடிவுக் காட்சியில் இதைப் பார்த்தவுடன் பிடித்துவிட்டார்கள். அடுத்த ஸ்பிரிண்டில் புவிக்கோளத்தின் மீதான தூரமாக மாற்றப்பட்டது. அருவி முறையில் இது இறுதிச் சோதனை வரைக்கும் தூங்கியிருக்கும்.

நான் சேர்ந்தபோது இரண்டு விஷயங்கள் உறுத்தின. ஒன்று, ஸ்பிரிண்ட் முடிவுக் காட்சிக்கு வந்தவர்கள் அனைவரும் அலுவலகத்தார். களப்பணியாளர்கள் அந்த நேரத்தில் களத்தில் இருந்தார்கள். அது அவர்கள் வேலை. காட்சிக்கு வந்தவர்கள் தங்களுக்கு வேண்டியதைக் கேட்டார்கள், குழு செய்து கொடுத்தது. ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் ஓர் அடுக்கு, ஒரு பொத்தான், ஒரு வடிகட்டி கூடியது. கைபேசித் திரையில் அடுக்குப் பட்டியலே வரைபடத்தின் பாதியை மறைத்தது. நெருக்கடியான சந்திப்புகளுக்காக மார்க்கர்களை (வால்வுக் குறிகளை) தொகுத்து ஒற்றை எண்ணாகக் காட்டும் வசதியைச் சேர்த்திருந்தார்கள். பெரிய திரையில் அது பார்க்க நன்றாக இருந்தது. களத்தில் அது "4" என்று சொன்னது, அவ்வளவுதான். கேள்வி அப்படியே நின்றது.

இரண்டாவது, இன்னும் ஆழமான சிக்கல். இணைப்பு இல்லாத இடங்களுக்காகக் கைபேசியில் பதிவுகளைச் சேமித்து, இணைப்பு வந்ததும் அனுப்பும் வசதி கட்டப்பட்டது. ஒரு ஸ்பிரிண்டில் சர்வரில் வால்வு நிலையின் புலங்களைத் திருத்தினார்கள். பழைய அமைப்பில் எழுதிய பதிவுகள் இன்னும் சில கைபேசிகளில் அனுப்பப்படாமல் இருந்தன. அவை வந்தபோது சர்வர் நிராகரித்தது. மழையில் நின்று ஒருவர் பதிந்த தகவல் போய்விட்டது. அது போய்விட்டது என்றுகூட அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. வலைப் பக்கத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்ற பழக்கம், பிறர் பையில் இருக்கும் தரவுக்குப் பொருந்தாது.

அடித்தள வரைபட டைல்களிலும் இதே கதை நடந்தது. தன்னார்வலர்கள் உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தின் பொது டைல் சர்வரை வைத்து வேகமாகத் தொடங்கினார்கள். இணைப்பின்றிப் பயன்படுத்த டைல்களை மொத்தமாக இறக்க வேண்டியபோது, அந்தச் சர்வரின் பயன்பாட்டு விதிகள் அதை அனுமதிப்பதில்லை என்பது தெரிய வந்தது. தரவின் உரிமம் தாராளமானது: மூலத்தைக் குறிப்பிட வேண்டும், தரவையே மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில் தர வேண்டும். சர்வர் வேறு விஷயம். அதனால் வெக்டர் டைல்களை (படமாக இல்லாமல் கோடு, புள்ளித் தரவாக வரும் டைல்களை) தாங்களே உருவாக்கித் தங்கள் சர்வரில் வைக்க வேண்டியதாயிற்று. தொடக்கத்திலேயே இதைக் கேட்டிருந்தால் அது ஒரு மதிய நேரப் பேச்சு. நடுவில் கேட்டதால் பல வாரப் பணி.

எந்த முறை என்று முடிவெடுத்தது

அப்புறம் நடந்த கூட்டத்தில் இரண்டு தரப்பு இருந்தது. ஒரு தரப்பு, திரும்பவும் முழு ஆவணத்துக்குப் போக வேண்டும் என்றது. தொலைந்த பதிவுகள் அவர்கள் கையில் வலுவான சான்று. மற்ற தரப்பு, ஸ்பிரிண்ட்களை இன்னும் குறுக்கி வேகமாகத் திருத்தலாம் என்றது. இரண்டும் அதே இடத்தில் தவறுகின்றன என்பது என் வாதம். செயலியின் எல்லாப் பகுதிக்கும் ஒரே முறை என்று எடுத்துக்கொள்வதுதான் அந்த இடம்.

நாங்கள் வேறு கேள்வி கேட்டோம்: பின்னால் மாற்றினால் எதற்கு அதிகச் செலவாகும்? தரவின் அமைப்பு, அடையாள எண், ஆய முறை, கைபேசிக்கும் சர்வருக்கும் இடையிலான ஒப்பந்தம், டைல் மூலம், உரிமம், யார் எதைப் பார்க்கலாம் என்ற பாதுகாப்பு வரம்பு ஆகியவை ஒரு பக்கம் வந்தன. இவற்றுக்கு முதல் கட்டத்தின் பொறுமை வேண்டும்: எழுதி, விவாதித்து, ஒப்புதல் வாங்கி, பிறகே தொடுவது. குறிகள், அடுக்குகள், திரை அமைப்பு, சொற்கள், எது முதலில் தெரிய வேண்டும் என்பது மறுபக்கம். இவை மலிவாக மாறுபவை. ஆனால் மேசையில் உட்கார்ந்து யூகிக்க முடியாதவை. இவற்றுக்குப் பயனர் மைய வடிவமைப்பைத் தேர்ந்தோம். ஸ்பிரிண்ட்கள் இருந்தன, ஆனால் கட்டும் வேலைக்கு மட்டும். எதைக் கட்டுவது என்பதைக் களத்தில் கண்டது தீர்மானிக்கும்.

பயனர் மைய வடிவமைப்புக்கு ஐஎஸ்ஓ 9241-210 என்ற தரநிலை இருக்கிறது. பயன்படும் சூழலைப் புரிந்துகொள்வது, பயனர் தேவைகளை வரையறுப்பது, தீர்வுகளை உருவாக்குவது, மதிப்பிடுவது என்று நான்கு செயல்களை அது சுற்றிச் சுற்றிச் செய்யச் சொல்கிறது. வரைபடத்துக்கு அதை எப்படிப் பொருத்துவது என்பதில், குற்றப் பகுப்பாய்வு வரைபடம் ஒன்றை வைத்து ராபர்ட் ராத்தும் உடன் ஆய்வாளர்களும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு எங்களுக்கு உதவியது. முதலில் பயனர், அடுத்து பயன், கடைசியில் பயன்படுத்தும் எளிமை என்பது அவர்கள் வைக்கும் வரிசை. எங்கள் குழு அதுவரை எளிமையிலிருந்துதான் தொடங்கிக்கொண்டிருந்தது: பொத்தான் பெரிதா, வண்ணம் தெளிவா என்று. பயனே இல்லாத திரையை எவ்வளவு எளிமையாக்கினாலும் பயனில்லை.

மூன்றாம் கட்டம்: பணிக்குழுவோடு போனது

பணியாளர்களைக் கூட்டத்துக்கு அழைத்தால் பழுது வேலை நிற்கும் என்று மேற்பார்வையாளர்கள் தயங்கினார்கள். நியாயமான தயக்கம். ஆகவே வடிவமைப்பாளர்கள் அவர்கள் வண்டியில் ஏறினார்கள், இரவுப் பணியிலும்.

எந்த ஆவணத்திலும் இல்லாத ஒன்று அங்கே கிடைத்தது. பல பணியாளர்களிடம் சொந்தக் குறிப்பேடு இருந்தது. அதில் வரைபடம் இல்லை. ஒவ்வொரு சந்திப்புக்கும் கையால் வரைந்த சிறு படம். சுவர் மூலையிலிருந்து எவ்வளவு தூரம், கம்பத்திலிருந்து எவ்வளவு தூரம் என்ற அளவு. மூடியின் எந்தப் பக்கம் எந்தக் குழாய் போகிறது என்ற கோடு. எது எந்தத் திசையில் மூடும் என்றும் எழுதியிருந்தார்கள். எல்லா வால்வும் வலப்பக்கமாகத் திருகினால் மூடாது. சில இடப்பக்கம் மூடும், தெரியாமல் அழுத்தித் திருகினால் தண்டு உடையும். சாலை போட்டபோது மூடி புதைந்துபோன வால்வுகளுக்கு ஒரு குறுக்குக் கோடு. ஜிபிஎஸ் ஐந்து மீட்டரில் கைவிடும் இடத்தை, நிலையான இரண்டு பொருள்களிலிருந்து எடுத்த அளவு சில சென்டிமீட்டரில் காட்டிவிடுகிறது. இவர்கள் பல வருடம் வேலை செய்து கண்டுபிடித்த வடிவமைப்பு அது. மரியாதையோடு கற்றுக்கொள்ள வேண்டியது.

முன்மாதிரி காகிதத்தில்தான் செய்யப்பட்டது. இந்த முறை மாதிரிப் புள்ளிகள் இல்லை; தரவுத்தளத்திலேயே மிக நெருக்கமான சந்திப்புகளைத் தேடி எடுத்து, மூன்று ஜூம் நிலைகளில் அச்சிட்டுக்கொண்டு அந்த இடத்துக்கே போனார்கள். மனதில் ஓடுவதைச் சொல்லிக்கொண்டே வால்வைக் கண்டுபிடிக்கும்படி பணியாளரைக் கேட்டார்கள். பெரும்பாலோர் வரைபடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்கள். தெரு அவர்களுக்குத் தெரியும். வேண்டியது சந்திப்பின் படமும் வால்வின் எண்ணும் திருகும் திசையும்.

இதிலிருந்து கைபேசித் திரை தலைகீழாக மாறியது. திறந்ததும் அருகிலுள்ள வால்வுகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் மூடியில் எழுதிய எண், மூடும் திசை, கடைசியாக எப்போது திருகப்பட்டது என்ற குறிப்பு, சந்திப்பின் கோட்டுப்படம். வரைபடம் இரண்டாவது தாவலுக்குப் போனது. வரைபடச் செயலியில் வரைபடத்தைப் பின்னுக்குத் தள்ளுவது குழுவில் சிலருக்குக் கசந்தது. அதை முழுக்க எடுத்துவிடலாமா என்ற பேச்சும் வந்தது. ஆனால் புதிதாகச் சேர்ந்த பணியாளர்களோடு போனபோது படம் வேறாக இருந்தது. அவர்களுக்குத் தெருக்கள் பழக்கமில்லை, சந்திப்பு வரை போக வரைபடம்தான் வழி. அனுபவசாலிகளை மட்டும் பார்த்து முடிவெடுத்திருந்தால் இதைத் தவறவிட்டிருப்போம். அதனால் வரைபடம் தங்கியது.

விளைவு

தரவு ஒன்று, முகம் மூன்று என்ற நிலையில் செயலி இப்போது இருக்கிறது. கைபேசியில் பட்டியலும் கோட்டுப்படமும். கட்டுப்பாட்டு அறையில் முழு வரைபடம். அங்கே அடுக்குகள் துறைவாரியாக இல்லாமல் வேலைவாரியாகத் தொகுக்கப்பட்டிருக்கின்றன, "உடைப்பு" என்று தேர்ந்தால் அதற்கு வேண்டியவை மட்டும் தெரியும். பொதுமக்களுக்கான பக்கத்தில் தண்ணீர் நிற்கும் பகுதியும் திரும்ப வரும் நேரமும் மட்டும். வால்வின் இடங்கள் பாதுகாப்புக் கருதி அங்கே காட்டப்படுவதில்லை.

குறிப்பேடுகளில் இருந்த அளவுகளைப் பணியாளர்களே செயலியில் ஏற்றி வருகிறார்கள், யார் ஏற்றியது என்ற பெயரோடு. அந்தப் பெயர் வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள். புலங்களில் மாற்றம் வந்தால் பழைய அமைப்பில் வரும் பதிவுகளையும் சர்வர் ஏற்க வேண்டும் என்பது இப்போது எழுதப்பட்ட விதி. அதன் பிறகு பதிவு எதுவும் தொலைந்ததாகப் புகார் இல்லை. எல்லாம் தீர்ந்துவிடவில்லை. பழைய பகுதிகளில் தரவே தவறாக இருக்கிறது, அங்கே இன்னும் காகிதம்தான் போகிறது. பயனர் மைய முறை மெதுவானது என்ற குறையும் நிற்கிறது. களத்துக்குப் போன வாரங்களில் புதிய வசதி எதுவும் வெளிவரவில்லை. அதை நிர்வாகத்துக்கு விளக்க ஒவ்வொரு முறையும் சிரமப்பட வேண்டியிருந்தது.

மறுபடி செய்தால் மாறுபவை

இதே நிறுவனம் அடுத்து கழிவுநீர்க் குழாய்களுக்குச் செயலி கட்டப்போகிறது. அதற்கான ஒப்பந்த வரைவில் சில மாற்றங்களைப் பரிந்துரைத்தோம், பெரும்பாலானவை ஏற்கப்பட்டன. முக்கியமானது வரிசை: தேவை ஆவணம் எழுதும் முன்பே களத்துக்குப் போவது. முதல் மாதிரித் திரையே தரவுத்தளத்தின் மிக மோசமான இடத்தைக் காட்ட வேண்டும் என்றும், ஒழுங்கான மாதிரிப் புள்ளிகளில் வாங்கிய ஒப்புதல் செல்லாது என்றும் எழுதியிருக்கிறோம். தரவு அமைப்பு, டைல் மூலம், கைபேசி ஒப்பந்தம் ஆகியவற்றுக்குத் தனி ஒப்புதல். அவற்றை ஸ்பிரிண்டுக்குள் தொட முடியாது.

ஸ்பிரிண்ட் முடிவுக் காட்சியை அலுவலகத்திலிருந்து பணிமனைக்கு மாற்றி, பணிநேரம் மாறும் வேளையில் வைக்கச் சொன்னோம். அப்போதுதான் இரண்டு பணிக்குழுக்களும் அங்கே இருப்பார்கள். இது மட்டும் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. அந்த அரை மணி நேரத்துக்குக் கூடுதல் ஊதியம் யார் தருவது என்பது முடிவாகவில்லை. வடிவமைப்புச் செலவிலேயே அதைச் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் நிலை.